சூளைக்காரி பார்த்த படம்

அக்கா யாரையும் மன்னித்து நான் பார்த்ததில்லை. அளவுக்கு மீறி யாரையும் தண்டித்தும் பார்த்ததில்லை.

"அவன் நமக்கு எவ்ளோ செஞ்சானோ அவ்ளோதான் திருப்பணும். கூடப் போச்சுன்னா பாவம் நம்ம தலைல. கொறஞ்சு போச்சுன்னா அவனுக்கு ஏத்தம்" என்பார். குழம்புக்கு உப்புப் போடுவதைப் பற்றிச் சொல்கிற குரலில்தான் இதையும் சொல்வார்.

என் கூடப் பிறந்தவர் இல்லை, வேலை செய்த இடத்தில் எல்லோருக்கும் அவர் அக்கா. நாங்கள் இருவரும் விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு பொம்மைக் கம்பெனியில் வேலை பார்த்தோம். நான் ஆபீசில். எந்த ஊருக்கு எத்தனை பெட்டி என்று கம்ப்யூட்டரில் அடித்து, பெட்டி மேல் ஒட்டுகிற சீட்டை எடுத்துக் கொடுப்பேன். அக்கா பெயிண்டிங்கில். சூளையில் வெந்து வருகிற ஒவ்வொரு பொம்மையையும் எடுத்து, விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டி, காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்பார். 'டிங்' என்றால் வலது பக்கம், பெயிண்டுக்கு. 'டொக்' என்றால் உள்ளே விரிசல். இடது பக்கம் உடைசல் குவியலில் போய் விழும். கண்ணுக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தக் காது விடாது.

சின்ன வயதில் வந்த போலியோவில் அக்காவுக்கு இடது கால் சூம்பிவிட்டது. இடது கையைத் தொடையில் ஊன்றி, உடம்பை ஒரு வீச்சு வீசி நடப்பார். அந்த நடைக்குள் அவ்வளவு வேகம் எப்படி இருக்கிறது என்று புதிதாக வருகிறவர்கள் ஆச்சரியப்படுவார்கள்.

ஒருமுறை சூப்பர்வைசர் ஒருவன், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "நொண்டி நடந்து போயி கை கழுவிட்டு வர்றதுக்குள்ள ஷிப்டே முடிஞ்சிடும்" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள். அக்கா சோற்றைப் பிசைந்து சாப்பிட்டு முடித்தார்.

அந்த வாரம் குரங்கு பொம்மை ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. நூற்றுக்கணக்கான குரங்கு. அதில் ஒரே ஒரு குரங்குக்கு மட்டும் சூப்பர்வைசரின் முகம் வந்தது. மூக்கோரம் மச்சம், பென்சிலால் கோடு போட்ட மாதிரி மீசை, மேலே தூக்கின ஒற்றைப் புருவம். அதைக் கொண்டுபோய், வியாபாரிகள் வந்து உட்காருகிற முன்னறையின் கண்ணாடி அலமாரியில் நடுவில் வைத்தார். எட்டு மாதம் அது அங்கேயே இருந்தது. ஊரிலிருந்து வருகிறவன் போகிறவன் எல்லாம் குரங்கைப் பார்ப்பான், சூப்பர்வைசரைப் பார்ப்பான், கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொள்வான். சூப்பர்வைசருக்கு மட்டும் விளங்கவில்லை. ஆயுத பூசைக்கு அவனுடைய சின்ன மகள் வந்தாள். அலமாரியைப் பார்த்து, "ஐ, அப்பா!" என்றாள். 

மறுநாள் அக்காவே குரங்கை எடுத்துவிட்டார்.

"ஏங்க்கா, இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே?" என்றேன்.

"ஒரு தடவதான சொன்னான். நாலு பேருதான சிரிச்சாங்க. சரியாப் போச்சு. வுடு."

இன்னொரு கதையும் உண்டு. அக்கா மகளைப் பெண் பார்க்க வந்த அன்று, பக்கத்து வீட்டுக்காரி வேண்டுமென்றே அழுக்குத் தண்ணீரை அக்கா வாசலில் கொட்டினாள். மூன்று வருடம் கழித்து அவள் வீட்டில் நிச்சயதார்த்தம். அக்கா பதிலுக்கு ஊற்றினார். "அவளது பெரிய பக்கெட்டு. நம்ம வூட்ல இருக்கறது சின்னது. அதனால ரெண்டு நட நடந்தன்" என்று என்னிடம் சொன்னபோது முகத்தில் சிரிப்பே இல்லை.

இதையெல்லாம் நான் ரசித்தேன். என் மனதில் எத்தனையோ பேர் மேல் எத்தனையோ ஆத்திரம் இருந்தது. ஒன்றையும் திருப்பிக் கொடுக்கத் தைரியம் இல்லாதவள் நான். அக்கா திருப்பும்போதெல்லாம் எனக்காகவும் சேர்த்துத் திருப்புவது போல இருக்கும். அவருக்கு எதிரே நிற்பதைவிடப் பக்கத்தில் நிற்பது பத்திரம் என்ற எண்ணமும் உள்ளே இருந்தது. அதையும் மறைக்கக் கூடாது.

முதலாளியின் மகன் அப்போது சென்னையில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தான். லீவுக்கு வந்தவன், தானே வரைந்து ஒரு பொம்மைக் குடும்பம் செய்தான். அப்பா, அம்மா, ஒரு பையன், ஒரு பொண்ணு. உண்மையிலேயே நல்ல கை. முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு சூளை நிறைய அதையே வைக்கச் சொன்னார்.

சூளையை அணைத்த பிறகு அது தானாக ஆறும் வரை கதவைத் திறக்கக் கூடாது. இது பேட்டையில் கூட்டிப் பெருக்குகிறவர்களுக்குக்கூடத் தெரியும். சூளைக்காரர் சாப்பிடப் போன நேரத்தில் அவன் கதவைத் திறந்து செல்போனில் படம் எடுத்தான். உள்ளே பொம்மைகள் கங்குச் சிவப்பில் நிற்பது அவ்வளவு அழகாக இருந்திருக்க வேண்டும். குளிர்ந்த காற்று உள்ளே போயிற்று. மறுநாள் அக்கா தட்டிப் பார்த்தார். டொக். டொக். டொக். அத்தனையும் இடது பக்கம் போனது.

முதலாளி சூளைக்காரரை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, வேலையை விட்டுப் போகச் சொன்னார். அந்த மனிதர், "நான் தொறக்கலீங்க, சத்தியமாத் தொறக்கலீங்க" என்று கும்பிட்டுக்கொண்டே நின்றார். மகன் சுவரோரம் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சூளையத் தொறந்தது அவரு இல்லீங்க. உங்க புள்ள" என்றார் அக்கா. "அந்தப் போன வாங்கிப் பாருங்க. படம் இருக்கும்."

படம் இருந்தது. நாற்பது பேர் பார்க்க முதலாளி மகனை அறைந்தார். சூளைக்காரருக்கு வேலை மிஞ்சியது. அக்கா அவனிடம் போய், "தம்பி, நீங்க செஞ்சதுக்கு இது சரியாப் போச்சு. இனிமே உங்களுக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல" என்றார்.

அவன் கதவைத் திறந்ததை நானும் பார்த்தேன். என் மேசைக்குப் பக்கத்து ஜன்னல் சூளைப் பக்கம்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

பல வருடம் ஓடியது. அவன் சென்னையிலேயே தங்கி அனிமேஷன் வேலையில் பெரிய ஆளாகிவிட்டான் என்று கேள்விப்பட்டோம். ஒருநாள் எனக்குப் போன் செய்தான்.

"மேடம், நல்லா இருக்கீங்களா? ஒரு குடும்பப் படம் பண்றேன். நம்ம கம்பெனி மாதிரியே ஒரு எடம். எல்லாரும் பொம்மைங்க. அதுல அந்தப் பெயிண்டிங் அக்கா மாதிரி ஒரு கேரக்டர். அவங்க கோபம் வந்தா எப்டிப் பேசுவாங்க? எனக்குக் கொஞ்சம் மறந்துபோச்சு."

சினிமாக்காரன் என்னைக் கூப்பிட்டுக் கேட்கிறான். ஒரு மணி நேரம் பேசினேன். குரங்குக் கதையைச் சொன்னேன். பக்கெட்டுக் கதையைச் சொன்னேன். அக்கா மாதிரியே பேசிக் காட்டினேன். அவன் அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தான். சிரிக்கச் சிரிக்க எனக்கு இன்னும் ஞாபகம் வந்தது. கடைசியில், "உங்க பேரும் படத்துல வரும் மேடம்" என்றான். அக்காவிடம் நான் இதைச் சொல்லவில்லை. படம் வந்தால் சந்தோஷப்படுவார், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

படம் எங்கள் ஊர்த் தியேட்டருக்கு வந்தபோது கம்பெனியே கிளம்பிப் போனது. அக்கா என் பக்கத்து நாற்காலி.

கதை இதுதான். செராமிக் பொம்மைக் குடும்பம் ஒன்று. தாத்தா பொம்மையைப் பெட்டியில் போட்டுச் சென்னைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவரைத் தேடி மற்ற நாலு பேரும் கம்பெனியிலிருந்து தப்பி ஓடுகிறார்கள். அவர்களைப் பிடித்து உடைக்கத் துரத்துகிறாள் ஒருத்தி. பெயர் சூளைக்காரி. கையைத் தொடையில் ஊன்றி வீசி வீசி நடக்கிறாள். பொம்மைகளைத் தட்டித் தட்டிப் பார்க்கிறாள். 'டொக்' என்று கேட்டால் கண் சிவக்கிறது, பல் நீள்கிறது. "கூடப் போச்சுன்னா பாவம், கொறஞ்சு போச்சுன்னா ஏத்தம்!" என்று கத்திக்கொண்டு சுத்தியலை ஓங்குகிறாள்.

தியேட்டர் மொத்தமும் சிரித்தது. எங்கள் வரிசை மட்டும் சிரிக்கவில்லை. நான் தலையைத் திருப்பாமல் கடைக்கண்ணால் பார்த்தேன். அக்கா முறுக்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து தெருவில் பிள்ளைகள் அவரைப் பார்த்து, "சூளைக்காரி! சூளைக்காரி!" என்று கத்திக்கொண்டு, கையைத் தொடையில் ஊன்றி நடந்து காட்டின. ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி, "சினிமாவுல வந்துட்டீங்களே, எங்களையெல்லாம் ஒடச்சிராதீங்க" என்றாள். அக்கா இரண்டாம் முறை போய்ப் படம் பார்த்தார். மூன்றாம் முறையும் போனார்.

"எதுக்குக்கா அத மறுபடி மறுபடி பாக்குறீங்க?" என்றேன்.

"மொதத் தடவ எனக்குக் கோவம். கோவத்துல பாத்தா ஒண்ணும் தெரியாது. நல்லது எது, கெட்டது எதுன்னு தட்டிப் பாத்தாத்தான தெரியும்?"

நான் பேச்சை மாற்றினேன்.

அடுத்த மாதம் ஊர்ப் பிரமுகர்கள் முதலாளி மகனுக்குக் கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை. மண்டபம் நிறையப் பிள்ளைகள். சால்வை மேல் சால்வையாகப் போட்டு முடித்ததும், அவன் மைக்கைப் பிடித்து, "நம்ம ஊரு ஆளுங்க யாராவது படத்தப் பத்தி மனசுல பட்டதச் சொல்லலாம்" என்றான். இரண்டு பேர் எழுந்து, உலகத் தரம் என்றார்கள். மூன்றாவதாக அக்கா எழுந்தார்.

நடுப்பாதையில் கையை ஊன்றி வீசி நடந்தார். பிள்ளைகளிடம் ஒரு கிசுகிசுப்பு ஓடி, பின்வரிசையிலிருந்து யாரோ "சூளைக்காரி!" என்றான். மண்டபம் சிரித்தது. மேடையில் அவனுடைய முகம் வெளுத்தது. அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மைக்கை வாங்கினார்.

"டைரக்டர் தம்பிக்கு வணக்கம். படத்த மூணு தடவ பாத்தன். நல்லதையும் சொல்றன், கொறையையும் சொல்றன். மொதல்ல நல்லது."

எல்லோரும் காத்திருந்தார்கள்.

"சூளைக்குள்ள நெருப்பு வர்ற எடம். மொதல்ல மங்கலாச் சேப்பு, அப்பறம் ஆரஞ்சி, அப்பறம் கண்ணு கூசுற வெள்ள. அச்சு அசலு அப்டியே இருக்குது. சூளப் பக்கத்துல நின்னவங்களுக்குத்தான் அது தெரியும். அந்தப் பொண்ணு பொம்மைக்குக் காது ஒடஞ்சி போவுது, அது யாருக்கும் தெரியக் கூடாதுன்னு முடிய இழுத்து வுட்டுக்குது. அங்க நான் அழுதன். பெட்டிக்குள்ள வைக்கோலுக்கு நடுவுல கெடந்துக்கிட்டு அம்மா பொம்ம தாலாட்டு பாடுது, அந்தப் பாட்டும் நல்லா இருக்குது. மொத முக்கா மணி நேரம் தங்கம்."

அவனுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. கைகூப்பினான்.

"இனிமே கொற. வேப்பூர் ரோட்டுல லாரிலேர்ந்து நாலு பொம்மையும் கீழ வுழுவுது. ஒண்ணுத்துக்கும் ஒரு கீறல் இல்ல. செராமிக்கு தம்பி அது. ரப்பர் இல்ல. வுழுந்தா ஒடையும்ங்கற பயம் இருக்கறதாலதான் மொதல்ல நாங்க பதறிப்போயி பாத்தம். ஒடையாதுன்னு தெரிஞ்ச பொறவு என்னா பயம்? அப்பா பொம்ம எதுக்கெடுத்தாலும் அழுவுது. காது ஒடஞ்ச பொண்ணு எடவேளைக்கப்பறம் அர மணி நேரம் ஆளையே காணும். நீங்களே மறந்துட்டீங்க. சென்னைக்குப் போனதும் ஹெலிகாப்டர் வருது, டான்ஸ் வருது. தாத்தாவக் கண்டுபுடிச்சா அவரு நிறுத்தாம புத்தி சொல்றாரு. என் பேரன் அங்கதான் தூங்கிப்போனான்."

இப்போது சிரித்தவர்கள் அக்காவைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

"கடைசியா, சூளைக்காரி. அவ எதுக்கு இவ்ளோ ஆத்திரமா இருக்குறா? படத்துல காரணமே இல்ல. ஆத்திரம் சும்மா வராது தம்பி. அவளுக்கு என்னா ஆச்சுன்னு ஒரு சீன் வெச்சிருக்கலாம். வெக்கல. ஏன்னா அந்த சீன் வெச்சா அதுல நீங்க வரணும்."

பேட்டைக்காரர்கள் நாற்பது பேரும் அவனையே பார்த்தார்கள். அவன் சால்வை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"சொல்லட்டுமா?" என்றார் அக்கா. "வேணாம். அது அன்னிக்கே தீந்துபோச்சு. ஒரு தப்புக்கு ரெண்டு தடவ அடிக்கக் கூடாது."

பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"ஏம்ப்பா, படத்துல உங்களுக்கு யாரப் புடிச்சிது? சத்தமாச் சொல்லுங்க."

"சூளைக்காரி!"

கூரை அதிர்ந்தது. சில பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தின. அக்கா மேடையை நிமிர்ந்து பார்த்தார்.

"கேட்டீங்களா தம்பி? ரெண்டேகா மணி நேரத்துல உசுரோட நடக்கறவ அவ ஒருத்திதான். அவள நீங்க உண்டாக்கல. நான் நடந்தன், நீங்க பாத்து வரஞ்சீங்க. நீங்களா உண்டாக்குன மத்ததெல்லாம் பொம்மதான். தட்டிப் பாத்தன். டொக்குன்னுதான் கேக்குது."

மைக்கைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். யாரும் கைதட்டவில்லை, பிள்ளைகளைத் தவிர. விழா முடிந்து போட்டோ எடுக்கும்போது அவனைத் தேடினார்கள். கார் கிளம்பிப் போயிருந்தது.

எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அவன் முகம் போன போக்கை நினைத்து நினைத்துச் சிரித்தேன். அக்காவுடன் நடந்து வரும்போது, "நல்லா வேணும்க்கா அவனுக்கு. செமயாக் குடுத்தீங்க" என்றேன்.

அக்கா பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். கால் வலித்தால் அப்படி உட்காருவது வழக்கம். இரண்டு டீ சொன்னார்.

"மூணாவது தடவ படம் முடிஞ்சி எல்லாரும் எழுந்து போனாங்க. நான் போவல. தியேட்டரு பெருக்கறவ வந்து வெளக்குமாத்தால தள்ளுற வரைக்கும் உக்காந்திருந்தன். பேரு பேரா ஓடுச்சு. நன்றின்னு போட்டு அஞ்சாறு பேரு. அதுல உன் பேரு இருந்துச்சுடி."

நான் டீ டம்ளரை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

"மொதத் தடவையே சந்தேகந்தான். பக்கெட்டுக் கதைய நான் உங்கிட்ட மட்டுந்தான் சொன்னன்."

"அக்கா... அவன் சும்மா கேட்டான்க்கா. இப்டிப் பண்ணுவான்னு..."

"சொன்னது தப்பில்ல. சொன்னதெல்லாம் நெசம்தான. நான் அப்டிப்பட்டவதான்." டீயை ஆற்றிக்கொண்டே பேசினார். குரல் ஏறவே இல்லை. "உன் பொண்ணுக்கு மூளைக் காய்ச்சல் வந்து பாண்டிச்சேரி ஆஸ்பத்திரில கெடந்தப்ப, உன் வூட்டுக்காரன் எட்டிப் பாக்கல. பதினோரு நாளு கட்டிலுக்குக் கீழ துணிய விரிச்சிப் படுத்துக் கெடந்தது யாரு?"

"நீங்கதான்க்கா."

"அத அவன்கிட்ட சொன்னியா?"

"அவன் கேக்கலக்கா..."

"அவன் கேக்கல. சரி. நீ ஏன்டி சொல்லல?"

நான் அழ ஆரம்பித்தேன். டீக்கடைக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மண்டபத்துல சொன்னன்ல, அந்தச் சூளைக்காரிகிட்ட ஒரு கொற இருக்குதுன்னு. அந்தக் கொறைய அவன் மட்டும் வெக்கல. அவன் மறச்சது ஒண்ணு. நீ மறச்சது ஒண்ணு. நீ பாதிதான் குடுத்த, அவன் பாதிதான் வரஞ்சான்." டம்ளரைக் கீழே வைத்தார். "குடிடி, ஆறிப்போவுது."

பஸ்ஸில்கூட என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தார். நான் தப்பித்தேன் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

"மேடம், சேலத்துக்குப் போற பெட்டிக்குச் சீட்டு எடுத்துட்டீங்களா?"

யாரைக் கேட்கிறார் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அங்கே யாருமில்லை.

பதினாறு வருடம் என்னை 'ஏண்டி', 'வாடி' என்று கூப்பிட்டவர். அன்றிலிருந்து நான் 'நீங்க'. கோபமாக ஒரு வார்த்தை இல்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்தனுப்பினார். என் அம்மா செத்த அன்று வந்து பந்தலில் உட்கார்ந்திருந்தார். "மனசத் தேத்திக்கிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் பார்த்தேன். "ஐயோ, என்னாங்க இது, எழுந்திருங்க" என்றார். நான் கொடுத்தது பாதி. அவர் திருப்பியதும் சரியாகப் பாதி. ஒரு இம்மி அதிகமும் இல்லை, குறைவும் இல்லை.

பிறகு அவர் வேலையை விட்டுவிட்டு மகளோடு சேத்தியாத்தோப்புக்குப் போய்விட்டார். போன மாதம் பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தார். என்னோடு என் மகள் இருந்தாள். இப்போது காலேஜ் போகிறாள். அக்கா அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஏண்டி கண்ணு, என்னா ஒசரம் வளந்துட்ட! ஒழுங்கா சாப்புடுறியா? எலும்பாட்டம் இருக்குற. வூட்டுக்கு வாடி ஒருநாளு, மீன் கொழம்பு வெச்சித் தர்றன்."

பிறகு என் பக்கம் திரும்பி, "நல்லா இருக்கீங்களா? உடம்பப் பாத்துக்குங்க" என்றார். பஸ் வந்தது. கையைத் தொடையில் ஊன்றி ஏறிப் போய்விட்டார்.

பஸ் திரும்பி மறையும் வரை மகள் கையாட்டிக்கொண்டிருந்தாள். "என்னப் பாத்தா மட்டும் வாடி போடிங்கறாங்க" என்று சிரித்தாள். "உங்கிட்ட எவ்ளோ மரியாதைம்மா அவங்களுக்கு."